பிலிப்பைன் தீவுகளின் நன்னீர் முதலை

முதலை என்றவுடன் அஞ்சுதல் மக்கட்கு இயல்பு. அவ்வச்சம் ஓரினத்தின் குற்றத்தைப் பிறிதோரினத்தின் மேலேற்றுமாயின் அதனால் விளையுங் கேடு பெரிது. பிலிப்பைன் தீவுகளின் நன்னீர் முதலை இதற்குத் தக்க சான்றாகும்.

நம் இலங்கையிற் போலவே அங்கும் முதலையினங்கள் இரண்டு உள. ஒன்று, நம் கழிமுகங்களிலும் வாழும் உவர்நீர் முதலை. 2011ஆம் ஆண்டு மிண்டனாவோத் தீவிற் பிடிபட்ட அவ்வினத்து முதலையொன்று 6.17 மீற்றர் நீளமுடையது. மற்றையது, உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காணப்படாத நன்னீர் முதலை. மிண்டோரோத் தீவிற் கிடைத்த இதனை 1935இல் கார்ள் சிமித் என்னும் அமெரிக்க அறிஞர் தனியினமென விவரித்தார். இது 3 மீற்றருக்கு மேல் வளர்தல் அரிது. நத்தை, இறால், மீன், பாம்பு முதலியனவே இதன் உணவு. தன்னைத் துன்புறுத்தாத மனிதரை இது தாக்குவது அரிது.

பெண்முதலை ஆற்றங்கரையில் இலைசருகுகளையும் மண்ணையும் குவித்துக் கூடமைத்து முட்டையிடும். இரண்டு மாதங்களுக்கு மேலாக அதனருகே காவலிருக்கும். ஏனைய முதலைகளிற் போலவே, கூட்டின் வெப்பநிலையே குஞ்சு ஆணோ பெண்ணோ என்பதைத் தீர்மானிக்கிறது. ஆதலாற் கரையோர மரநிழலை அழிப்பது பிறவாத தலைமுறையையும் தாக்குவதாகும்.

தோலுக்காக வேட்டையாடியமை, சதுப்புநிலங்களை வயலாக்கியமை, வெடிவைத்து மீன்பிடித்தமை என்பவற்றாலும், பெருமுதலையின் மீதுள்ள பகையாலும் இவ்வினம் அருகிற்று. 1982இல் 500 முதல் 1000 வரையான வளர்ந்த முதலைகளே எஞ்சினவென மதிப்பிடப்பட்டது. பின்னர் அத்தொகை மேலும் வீழ்ந்தது. அந்நாட்டு மொழியில் முதலையைக் குறிக்கும் ‘புவாயா’ என்னுஞ் சொல் ஊழல் புரியும் அதிகாரிகளை இகழவும் வழங்குகின்றது. இத்தகைய பெயர்பெற்ற பிராணிக்காகப் பரிந்து பேசுவோர் எளிதிற் கிடைப்பரோ?

ஆயினும் மாற்றம் ஓர் ஊரிலிருந்தே பிறந்தது. 1999இல் லூசோன் தீவின் வடபாலுள்ள சான் மரியானோவில் மீனவர் ஒருவரிடம் முதலைக்குஞ்சு ஒன்று அகப்பட, அங்கு இவ்வினம் இன்னும் வாழ்வது உலகிற்குத் தெரியவந்தது. 2001இல் அவ்வூர்ச் சபை முதலைக் கொலையைத் தடைசெய்து, டிசுலாப் ஆற்றின் ஒரு பகுதியைப் புகலிடமாக்கிற்று. 2003இல் தோன்றிய மபுவாயா நிறுவனம் குஞ்சுகளை ஓராண்டுக்கு மேல் வளர்த்து ஆற்றில் விடுவதோடு, பாடசாலைதோறுஞ் சென்று இம்முதலை தம் நாட்டிற்கே உரிய செல்வமெனப் போதித்தும் வருகின்றது.

இன்றும் இவ்வினம் அழிவின் விளிம்பிலேயே உள்ளது. எனினும், வேலியினாலும் தண்டனையினாலும் மட்டும் கைகூடாததை, ஆற்றங்கரைச் சிறுவர் பெற்ற அறிவு ஓரளவு கைகூட்டியுள்ளது. நம் குளத்து முதலையையும் கழிமுக முதலையையும் வேறுபடுத்தி அறியாது இரண்டையும் ஒருங்கே வெறுக்கும் நாம், அச்சிறுவரிடங் கற்கவேண்டியது உண்டு.