விளக்கு சொல்வதும் சிலிண்டரில் இருப்பதும்

கேஸ் அடித்துவிட்டு பம்ப்பை விட்டு வெளியே வருகிறீர்கள். நான்கு பச்சை விளக்கு எரிய வேண்டிய இடத்தில் ஒற்றைச் சிவப்பு மட்டும் எரிகிறது. அல்லது சிலிண்டரில் கேஸ் இருக்கும்போதே வண்டி தானாகப் பெட்ரோலுக்கு மாறிவிடுகிறது. மும்பை கோவண்டியில் சிவாஜி நகர், பைங்கன்வாடி பக்கம் டாக்ஸி ஓட்டிப் பிழைப்பவருக்கு இது அன்றைய வருமானத்தில் கை வைக்கும் கோளாறு. கேரேஜில் சொன்னால் பதில் தயாராக இருக்கும்: "சென்சார் போயிடுச்சு, மாத்திடலாம்."

போயிருக்கலாம். ஆனால் சென்சார் கெட்டால் நஷ்டம் பணத்தோடு முடியும். கேஸ் கசிந்தால் உயிர் போகும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காத மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

சிஎன்ஜி சிலிண்டரில் கேஸ் 200 பார் அழுத்தம் வரை ஏற்றப்படுகிறது. கார் டயரில் இருக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு. சிலிண்டரிலிருந்து வரும் குழாய் ரெகுலேட்டரைத் தொடும் இடத்தில், பெரும்பாலான கிட்களில், ஒரு சிறிய அழுத்த சென்சார் உட்கார்ந்திருக்கிறது. டாஷ்போர்டு விளக்குகளை ஏற்றி இறக்குவது அதுதான். அது 'காலி' என்று சொன்னால் பல வண்டிகளில் கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலுக்கு மாற்றிவிடும்.

காசு கொடுக்குமுன் நீங்களே சிலவற்றைப் பார்க்கலாம். பம்ப் ரசீதில் எத்தனை கிலோ ஏறியது என்று பாருங்கள். 60 லிட்டர் சிலிண்டரில் நடைமுறையில் 8, 9 கிலோ பிடிக்கும். காலியாகப் போன வண்டியில் அவ்வளவு ஏறியும் விளக்கு சிவப்பு என்றால், சந்தேகம் சென்சார், வயரிங், சுவிட்ச் பக்கம் திரும்பும். காலியாகப் போயும் 5 கிலோ மட்டும் ஏறி, விளக்கும் பாதிதான் எரிந்தால் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது, பம்ப்பில்தான் அழுத்தம் குறைவாக இருந்திருக்கும். 2025 நவம்பர் நடுவில் செம்பூர் ஆர்.சி.எஃப். உர ஆலை வளாகத்துக்குள் கெயில் நிறுவனத்தின் கேஸ் குழாய் சேதமாகி, வடாலா நிலையத்துக்கு வரும் கேஸ் தடைபட்டு, மும்பை முழுக்க டாக்ஸிகளும் ரிக்ஷாக்களும் வரிசையில் நின்றது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாட்களில் விளக்கு முழுதாக எரியாததற்குச் சென்சாரை மாற்றுவது வீண் செலவு. அடித்த சூட்டில் 200 காட்டிய அழுத்தம் கேஸ் ஆறியதும் கொஞ்சம் இறங்குவதும் இயல்புதான்.

சில கிட்களில் ரெகுலேட்டர் பக்கத்தில் முள் வைத்த வட்ட மீட்டர் ஒன்று இருக்கும். முள் 200-ஐத் தொட்டு நிற்க, உள்ளே விளக்கு மட்டும் சிவப்பா? அப்போது மீட்டரைக் காட்டிப் பேசுங்கள். மெக்கானிக்கின் குரல் மாறும்.

அடுத்து மல்டிமீட்டர். மூன்று கம்பி சென்சார் என்றால் ஒன்றில் பெரும்பாலும் 5 வோல்ட் வரும், ஒன்று எர்த், மூன்றாவது சிக்னல். 5 வோல்ட்டும் எர்த்தும் சரியாக வந்து, கனெக்டர் சுத்தமாக இருந்து, சிக்னல் மட்டும் அசையாமல் நின்றால்தான் சென்சாரைக் குற்றம் சொல்லலாம். நம் ஊர் மழையில், ஒவ்வொரு ஜூலையிலும் முழங்கால் தண்ணீரில் ஓடும் வண்டிகளில், கனெக்டர் பச்சை பூத்திருக்கும். வயரை எலி கடித்திருக்கும். துடைத்து இறுக்கினாலே தீரும் கோளாறுக்குப் புது சென்சார் விலை எதற்கு?

இன்னொரு சென்சாரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்: சில பெட்ரோல் கார்களின் டாங்கிலும் அழுத்த சென்சார் உண்டு. அதன் வேலை வேறு: பெட்ரோல் ஆவி வெளியே போகிறதா என்று பார்ப்பது. ஸ்கேனரில் பி0452, பி0453 வந்தால் சிக்னல் அளவுக்கு மீறித் தாழ்ந்தது அல்லது உயர்ந்தது என்று பொருள். பி0455 வந்தால் பெரிய ஆவிக் கசிவு. பின்னதற்கு முதலில் டாங்க் மூடியைப் பாருங்கள். மூடியைத் திறந்து வைத்தால் உள்ளும் வெளியும் ஒரே அழுத்தம். அப்போதும் ஸ்கேனர் அழுத்தம் காட்டினால் சென்சார் அல்லது அதன் வயரிங் பொய் சொல்கிறது.

சிஎன்ஜி சென்சாரை மாற்றியே ஆக வேண்டும் என்றால்தான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது. அது உயர் அழுத்தக் குழாயில் இருக்கிறது. சிலிண்டர் வால்வை மூடி, குழாயில் மிச்சமுள்ள கேஸை இன்ஜின் ஓடியே தீர்த்த பிறகுதான் ஸ்பானரைத் தொட வேண்டும். தெருவோரத்தில், வாயில் பீடியோடு குனிபவரிடம் இந்த வேலையைத் தராதீர்கள். வேலை முடிந்ததும் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள்.

கேஸ் வாடை வந்தால் சென்சார் பேச்சே வேண்டாம். இன்ஜினை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, கதவுகளைத் திறந்து, எட்டினால் சிலிண்டர் வால்வை மூடி விலகி நில்லுங்கள். தீயணைப்புக்கு 101. சென்சார் எவ்வளவு சரியாக இருந்தாலும் சிலிண்டரின் உடல்நிலையை அது சொல்லாது. அதற்கு 3 ஆண்டுக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் என்னும் நீர் அழுத்தச் சோதனை, மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோ அங்கீகரித்த இடத்தில். பழைய டாக்ஸி வாங்குகிறவர்கள் வண்டியில் பொருத்திய சோதனைத் தகட்டிலும் சான்றிதழிலும் உள்ள எண், சிலிண்டரில் பொறித்த எண்ணோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். வெளியில் கிட் போட்ட வண்டி என்றால் ஆர்.சி.யில் அது ஏறியிருக்க வேண்டும். நம் பகுதிக்கு வடாலா ஆர்.டி.ஓ. ஆர்.சி.யில் ஏறாவிட்டால் விபத்து நாளில் இன்சூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் பிடிப்பார்.

துண்டுச் சீட்டில் எழுதிய கச்சா பில்லோடு திரும்பாதீர்கள். என்ன கோளாறு, என்ன சோதித்தார்கள், எந்தப் பாகம், எவ்வளவு நாள் வாரண்டி என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கழற்றிய சென்சாரையும் கேளுங்கள். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். "டாக்ஸி தொழில் வண்டி, நீ நுகர்வோர் இல்லை" என்று சிலர் மிரட்டுவார்கள். தன் பிழைப்புக்காகச் சுயதொழிலாக ஓட்டுபவரை அந்தச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். தீராவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. கிலோ எழுதிய பம்ப் ரசீது, விளக்கு எரிந்த நேரத்தில் எடுத்த செல்போன் படம், பில், பழைய சென்சார் ஆகியவற்றைப் புகாரோடு சேர்த்து வையுங்கள்.