டோரு நதியில் ஒரு நாள் பயணம்
பெயரைக் காத்துக்கொண்ட ஒரு சரக்கின் வரலாறு

தொழில் நிமித்தமாகவும், பிள்ளைகளைப் பார்த்து வரவும், ஓய்வுக்காகவும் ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்று வரும் வணிகர்கள் நம்மிடையே பெருகி வருகின்றனர். செல்பவர்கள் பெரும்பாலும் கோபுரங்களையும் அரண்மனைகளையும் பார்த்துத் திரும்புகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் வணிகர்களாகிய நாம் பார்த்து வர வேண்டிய இடங்களும் சில உண்டு. ஒரு சரக்கு எங்கே விளைகிறது, எந்த வழியாக வருகிறது, யார் கையில் தங்குகிறது, எப்படிப் பெயர் பெறுகிறது என்பதை ஒரே நாளில் கண்ணால் காணக்கூடிய இடங்கள் உலகில் மிகச் சிலவே. போர்ச்சுக்கல் நாட்டின் டோரு நதி அவற்றுள் ஒன்று.

அங்கே விளையும் சரக்கு திராட்சை. அதிலிருந்து வருவது 'போர்ட்' என்னும் ஒயின். இது நம் மளிகைக் கடைகளில் விற்கும் பொருள் அல்ல. நம்மில் பலர் தொடாத பொருளும்கூட. குடிப்பதைப் பற்றி எழுதுவது நம் நோக்கமன்று. கலப்படத்தால் ஒருமுறை அழியவிருந்த ஒரு சரக்கு, எல்லை வகுத்தும் முத்திரை இட்டும் எப்படிப் பிழைத்தது என்பதும், அந்த முயற்சியில் சிறு வியாபாரிகள் பட்ட பாடும் நாம் அறிய வேண்டியவை.

நதியும் அதன் வழியும்

டோரு நதி ஸ்பெயினில் தோன்றி, போர்ச்சுக்கல்லின் வடபகுதியைக் கடந்து, போர்ட்டோ நகரத்தருகே அட்லாண்டிக் கடலில் கலக்கிறது. போர்ச்சுக்கல்லுக்குள் கடல் முதல் ஸ்பெயின் எல்லை வரை சுமார் 210 கிலோமீட்டர் தூரம் இன்று படகுகள் செல்கின்றன. முன்பு இது பாறைகளும் சுழல்களும் நிறைந்த ஆறு. 1970, 80ஆம் ஆண்டுகளில் மின்சாரத்துக்காக ஐந்து அணைகள் கட்டப்பட்டன. ஒவ்வோர் அணையிலும் படகை மேலேற்றி இறக்கும் நீர்ப்பூட்டும் உண்டு.

நீர்ப்பூட்டு என்பது இரு முனையிலும் கதவுள்ள ஒரு நீளமான தொட்டி. படகு உள்ளே நுழைந்ததும் கீழ்க்கதவை மூடி மேலிருந்து நீரை விடுவார்கள். நீர் உயர உயரப் படகும் உயரும். மேல்மட்டத்தை எட்டியதும் மேல்கதவு திறக்கும். கிரெஸ்துமா அணையில் படகு சுமார் 14 மீட்டர் உயர்கிறது. கரபதெலோ அணையில் 35 மீட்டர், அதாவது ஏறக்குறைய பத்து மாடிக் கட்டிட உயரம். இரு பக்கமும் ஈரச் சுவர், தலைக்கு மேலே சிறு துண்டு வானம் என்று அந்தச் சில நிமிடங்கள் பயணிகள் பேச்சை மறந்து நிற்பார்களாம்.

காலையில் போர்ட்டோவில் படகேறினால் மாலைக்குள் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலுள்ள ரெகுவா நகரத்தை அடையலாம். திரும்பும்போது ரயில், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். தண்டவாளம் பல இடங்களில் ஆற்றின் கரையை ஒட்டியே செல்கிறது. ரெகுவாவிலிருந்து மேலும் இரண்டு மணி நேரம் படகில் சென்றால் பின்யாவ் என்னும் சிற்றூர். அதன் ரயில் நிலையச் சுவர்களில் திராட்சை அறுவடைக் காட்சிகள் நீல ஓடுகளில் தீட்டப்பட்டுள்ளன.

மலையில் விளைச்சல், கடலோரத்தில் கிடங்கு

ரெகுவாவைத் தாண்டினால் இரு கரையிலும் மலைச்சரிவுகள் படிக்கட்டுகளைப்போல் தெரியும். பலகைக்கல் பாறையை உடைத்து, கற்சுவர் எழுப்பி, தலைமுறை தலைமுறையாக மனிதக் கைகளால் அமைத்த திராட்சைத் தோட்டங்கள் அவை. 2001ஆம் ஆண்டு யுனெஸ்கோ இந்த நிலப்பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், குளிர்காலத்தில் கடுங்குளிர். மற்றப் பயிர்கள் சிரமப்படும் அந்த மண்ணில் திராட்சை, ஆலிவ், பாதாம் மூன்றும் நன்கு விளைகின்றன.

செப்டம்பரில் அறுவடை. பழத்தைக் கருங்கல் தொட்டியில் போட்டு மிதிப்பது பழைய முறை. சில தோட்டங்களில் இன்றும் அது உண்டு. சாறு புளித்துக்கொண்டிருக்கும்போதே, சர்க்கரை முழுதும் கரைவதற்கு முன், திராட்சையிலிருந்து வடித்த கடும் சாராயத்தைச் சேர்ப்பார்கள். புளிப்பு அத்துடன் நின்றுவிடும், இனிப்பு தங்கிவிடும், சரக்கும் நெடுநாள் கெடாது. போர்ட் ஒயினின் தனித்தன்மை இதுதான்.

விளைந்த இடத்தின் வெயிலில் வைத்தால் சரக்கு கெடும். எனவே வசந்த காலத்தில் அதைப் பீப்பாய்களில் நிரப்பி, போர்ட்டோவுக்கு எதிர்க்கரையிலுள்ள விலா நோவா டி கையாவின் கிடங்குகளுக்கு அனுப்புவது வழக்கமாயிற்று. கடற்காற்றின் குளிர்ச்சியில் ஆண்டுக்கணக்கில் அது அங்கே ஊறும். விளைவது மலையில், பெயர் வந்தது ஏற்றுமதியான துறைமுகத்தால். மண்டி இருக்கும் ஊரின் பெயரால் சரக்கை அழைப்பது நமக்குப் புதிதல்லவே.

பீப்பாய்களைக் கொண்டுவந்தவை 'ரபேலோ' என்னும் தட்டை அடிப் படகுகள். நீரோட்டத்தோடு இறங்குவது உயிருக்கு ஆபத்தான வேலை. திரும்பும்போது காற்று இல்லாவிட்டால் கரையிலிருந்து மாடுகள் கயிறு கட்டி இழுக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரயில் வந்தது. பிறகு லாரி வந்தது. 1960களோடு ரபேலோவின் தொழில் முடிந்தது. இன்று கையாவின் கரையில் அவை ஒயின் நிறுவனங்களின் விளம்பரப் பலகைகளாக மிதக்கின்றன.

கலப்படம் செய்த கேடு

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் பகை முற்றியிருந்த காலத்தில், 1703ஆம் ஆண்டு ஏற்பட்ட மெத்துவன் ஒப்பந்தப்படி, போர்ச்சுக்கல் ஒயினுக்கு இங்கிலாந்தில் பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு வரி குறைவு. தேவை பெருகியது; விலை ஏறியது. விலை ஏறினால் கலப்படமும் பின்னாலேயே வரும் என்பது நாம் அறிந்ததுதான். நிறம் குறைந்த ஒயினுக்கு எல்டர் என்னும் செடியின் கருநிறப் பழச்சாற்றைச் சேர்த்தார்கள். இனிப்புக்குச் சர்க்கரை சேர்த்தார்கள். வேறு பகுதிகளின் மட்டச் சரக்கை டோருச் சரக்கு என்று விற்றார்கள். 1750களில் இங்கிலாந்து வாடிக்கையாளரின் நம்பிக்கை போயிற்று. விலை அடியோடு விழுந்தது. விவசாயியை வியாபாரி குறை சொன்னார். வியாபாரியை விவசாயி குறை சொன்னார்.

அப்போது போர்ச்சுக்கல்லின் முதன்மை அமைச்சராக இருந்தவர், பின்னாளில் பொம்பால் பிரபு என்று பெயர் பெற்றவர். அவர் 1756இல் அரச ஆணையுடன் ஒரு கம்பெனியை நிறுவினார். எந்த நிலத்தின் ஒயின் ஏற்றுமதிக்கு உரியது என்று எல்லை வகுக்கப்பட்டது. எல்லையெங்கும் முந்நூறுக்கும் மேற்பட்ட கருங்கல் தூண்கள் நடப்பட்டன. அவற்றில் சில இன்றும் தோட்டங்களில் நிற்கின்றன. எல்டர் செடிகளை வேரோடு பிடுங்க உத்தரவாயிற்று. ஒரு சரக்குக்கு எல்லை, தரம், மேற்பார்வை மூன்றையும் சேர்த்து விதித்த உலகின் முன்னோடி ஏற்பாடுகளில் இது ஒன்று.

சிறு வியாபாரிகளின் கதி

இந்த நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. போர்ட்டோ நகரிலும் சுற்றுப்புறத்திலும் மதுக்கடைகளுக்கு ஒயின் தரும் ஏகபோக உரிமை அதே கம்பெனிக்கு வழங்கப்பட்டது. அதுவரை தாமே கொள்முதல் செய்து விற்றுவந்த சிறு கடைக்காரர்களின் பிழைப்பு போயிற்று. 1757 பிப்ரவரியில் அவர்கள் தெருவில் இறங்கினார்கள். அரசு படையை அனுப்பி அடக்கியது, பலர் தூக்கிலிடப்பட்டனர். கலப்படத்தை ஒழிக்க வந்த சட்டம், பெரிய கைகளுக்கு ஏகபோகத்தையும் சேர்த்துத் தந்தால் சிறியவர் கதி என்னவாகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கட்டுப்பாடு தளர்ந்த காலங்களில் கலப்படமும் தலைகாட்டியது. 19ஆம் நூற்றாண்டில் ஜோசப் ஜேம்ஸ் ஃபாரஸ்டர் என்னும் ஆங்கில வணிகர், தம் தொழிலிலேயே நடக்கும் கலப்படத்தை எதிர்த்து 1844இல் வெளிப்படையாக எழுதினார். சக வணிகர்களின் பகையைச் சம்பாதித்தார். போர்ச்சுக்கல் பகுதியின் டோரு நதியை அளந்து வரைபடம் தயாரித்தவரும் அவரே. அந்த நதியிலேயே 1861இல் வலெய்ரா என்னும் இடத்தில் படகு கவிழ்ந்து இறந்தார். படகில் மேல்நோக்கிச் செல்பவர்களுக்கு அந்த இடத்தை வழிகாட்டிகள் இன்றும் காட்டுகிறார்கள்.

இன்றைய விதிகள்

இப்போது அரசு சார்ந்த ஒரு நிறுவனம் இத்தொழிலைக் கண்காணிக்கிறது. நம் கவனத்துக்குரிய விதிகள் மூன்று.

முதலாவது, முத்திரை. சோதனையிலும் சுவை பார்ப்பதிலும் தேறிய சரக்குக்கே எண்ணிட்ட முத்திரைச் சீட்டு கிடைக்கும். புட்டியின் கழுத்தில் அதைப் பார்க்கலாம்.

இரண்டாவது, இருப்பு. ஒரு நிறுவனம் தன் இருப்பில் மூன்றில் ஒரு பங்கைத்தான் ஓராண்டில் விற்கலாம் என்பது நெடுங்கால விதி. 300 பீப்பாய் இருப்பவர் 100 பீப்பாய் விற்கலாம். ஊறாத சரக்கு சந்தைக்கு வராமல் இது தடுக்கும். ஆனால் முதல் முடங்கும். சிறியவர்களுக்கு அது பெருஞ்சுமை. கையாவின் கிடங்குகள் வழியாகத்தான் ஏற்றுமதி செய்ய வேண்டும் என்ற விதி 1986இல் நீங்கிய பிறகே, தோட்டக்காரர்கள் தம் ஊரிலிருந்து நேரடியாக அனுப்பும் வழி திறந்தது.

மூன்றாவது, அளவு. நிலத்தின் உயரம், சரிவு, மண், கொடியின் வயது முதலியவற்றுக்கு மதிப்பெண் இட்டுத் தோட்டங்களை ரகம் பிரித்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் எவ்வளவு சாற்றைப் போர்ட் ஆக்கலாம் என்று அறிவித்து, அதைத் தோட்டங்களுக்குப் பங்கிடுகிறார்கள். 550 லிட்டர் கொண்ட பீப்பாய்க் கணக்கில் இந்த அளவு 2023இல் 1,04,000, 2024இல் 90,000, 2025இல் 75,000. உலகில் தேவை குறைந்துவருவதன் அடையாளம் இது. பங்குக்கு மேற்பட்ட திராட்சையைக் குறைந்த விலைக்குத் தள்ள வேண்டியிருப்பதால் சிறு விவசாயிகள் மனக்குறையுடன் இருக்கிறார்கள். முத்திரை தரத்தைக் காக்கும். வாங்குபவர் குறைந்தால் அதனால் ஒன்றும் செய்ய இயலாது.

செல்ல விரும்புவோருக்கு

இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். வசந்த காலம் முதல் இலையுதிர் காலம் வரை படகுகள் ஓடும். குளிர்காலத்தில் வெள்ளம் வந்தால் போக்குவரத்து நிற்கும். அறுவடையைப் பார்க்க விரும்புவோர் செப்டம்பரில் செல்வது நல்லது. அப்போது கூட்டமும் கட்டணமும் அதிகம் என்பதால் முன்பதிவு அவசியம். ஜூலை, ஆகஸ்டில் வெயில் கடுமை. ஒரு நாள் முழுதும் ஒதுக்க முடியாதவர்கள் போர்ட்டோவிலேயே ஆறு பாலங்களைச் சுற்றிக்காட்டும் ஒரு மணி நேரப் படகில் செல்லலாம். நீர்ப்பூட்டு அனுபவம் அதில் கிடைக்காது.

படகில் உணவு பெரும்பாலும் மீனும் இறைச்சியும்தான். சைவ உணவு வேண்டுவோர் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். மது அருந்தாதவர்களும் கையாவின் கிடங்குகளைப் பார்க்கலாம். பீப்பாய் அடுக்கும் முறை, இருப்புக் கணக்கு, ஆண்டுவாரியாகப் பிரித்து வைத்திருக்கும் ஒழுங்கு ஆகியவை எந்த மளிகைக் கிடங்குக்கும் பாடமாகும்.

நமக்கு உரியது

இது தொலைதூரத்துக் கதை மட்டுமன்று. நம் நாட்டில் 1999இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் நிறைவேறி, 2003இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கான பதிவகம் சென்னையில்தான் இருக்கிறது. ஈரோடு மஞ்சள், கோவில்பட்டி கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, மணப்பாறை முறுக்கு ஆகியவை அந்தப் பதிவேட்டில் இடம்பெற்றுள்ளன. போர்ச்சுக்கல்காரர்களும் சும்மா இருக்கவில்லை. தங்கள் போர்ட்டோ, டோரு என்னும் பெயர்களை இங்கே சென்னையில் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள்!

பதிவு செய்துவிட்டால் மட்டும் பெயர் பிழைக்காது. வேறு ஊர் மஞ்சளை ஈரோட்டு மஞ்சள் என்று விற்பதும், மிளகில் பப்பாளி விதை கலப்பதும் அன்று எல்டர் பழம் கலந்த அதே காரியம்தான். இன்றைய லாபம் ஒருவருக்கு. நாளைய நட்டம் அந்தச் சரக்கை விற்கும் அனைவருக்கும். கலப்படத்தைத் தடுக்கும் வேலையைச் சங்கங்கள் தாமே கையில் எடுத்துக்கொள்வது நல்லது. அரசு வந்து செய்யட்டும் என்று விட்டுவிட்டால், போர்ட்டோவின் சிறு கடைக்காரர்களுக்கு நேர்ந்ததுபோல் சட்டம் எழுதும் இடத்தில் நம் குரல் இல்லாமல் போகும். ஊர்ப் பெயர் தாங்கிய சரக்கைக் கொள்முதல் செய்யும் அன்பர்கள், அது எங்கிருந்து வந்தது என்று பட்டியலிலேயே எழுதி வாங்கும் பழக்கத்தை இந்த மாதமே தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.