ஜில் ஜில் ரமாமணியின் நாடகக் கம்பெனி



‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) என்றதும் எல்லாருக்கும் சிவாஜியின் நாதஸ்வரமும் பத்மினியின் பரதமும்தான் ஞாபகம் வரும். எனக்கு முதல்ல வர்றது மனோரமாதான்! நாடகக் கம்பெனி நடத்தும் ஜில் ஜில் ரமாமணியாக அவர் வந்தாலே எங்க வீட்டில் ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு நிஜக் கதை இருக்கு.

நாடகக் கம்பெனி என்றால் என்ன?

சினிமா பரவுவதற்கு முன் ஊர்மக்களுக்குப் பெரிய பொழுதுபோக்கு நாடகம். ஒரு கம்பெனி ஓர் ஊரில் கொட்டகை போட்டுத் தங்கும். படுதா, ஆர்மோனியம், உடுப்புப் பெட்டி எல்லாம் கூடவே போகும். வசூல் குறைந்தால் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊர்! சிறுவர்களே நடித்தால் அது ‘பாய்ஸ் கம்பெனி’. பெண் வேஷமும் பையன்கள்தான். 1931-ல் தமிழ் பேசும் படம் வந்தது. அப்புறம் நாடகக் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக சினிமா பக்கம் போயிடுச்சு.

அனுபவித்தவர்களே நடித்தார்கள்

படத்தின் இயக்குநர் ஏ.பி.நாகராஜன், டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகக் குழுவில் பெண் வேஷம் போட்டவர். சிவாஜி சின்ன வயசிலேயே பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தவர். மனோரமா மன்னார்குடியில் பிறந்து, பள்ளத்தூரில் வறுமையில் வளர்ந்தார். படிப்பு பாதியில் நின்றது, மேடை ஏறினார். சொந்தப் பெயர் கோபிசாந்தா, மேடைக்காக மனோரமா. படத்திலும் அப்படித்தான், கருப்பாயிதான் ஜில் ஜில் ரமாமணி!

எனக்குப் பிடித்த காட்சி

சண்முகசுந்தரம் வாசிப்பதைக் கேட்டு ரமாமணி அசந்துபோகிறாள். இந்தச் சத்தம் உங்க நாயனத்துல மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்துலயும் வருமா என்கிற மாதிரி வெகுளியாகக் கேட்கிறாள். நாம சிரிக்கிறோம். ஆனால் அந்தப் பெரிய வித்வான் அவளைக் கேவலமாக நடத்துவதில்லை. நாடகக்காரர்களை ‘கூத்தாடி’ என்று மட்டமாகப் பேசிய காலம் அது. அவளும் ஒரு கலைஞர் என்று படம் மதிக்கிறது. அதனாலதான் அவளைப் பார்த்துச் சிரித்தாலும் நமக்கு அவள் மேல் மரியாதை குறைவதில்லை.

உங்களுக்குத் தெரியுமா?

கொட்டகையிலிருந்து வந்த சிவாஜி, மனோரமா இருவரும் பிறகு வாழ்ந்தது நம்ம தி.நகரில்! சிவாஜி வீடு இருக்கும் சாலைக்கு இப்போது அவர் பெயரே. 1000 படங்களுக்கு மேல் நடித்துக் கின்னஸ் சாதனை படைத்த ‘ஆச்சி’ 2015-ல் காலமானார்.

ஆண்டு விழா நாடகத்தில் காமெடி வேஷம் கிடைச்சா முகத்தைத் தூக்கி வச்சுக்காதீங்க, நண்பர்களே. ரமாமணியை நினைச்சுக்குங்க!