மலையை விட்டு இறங்கிய பியர் ஆலை

பியர் என்னும் பானத்துக்கு வேண்டிய மூலப்பொருட்கள் நான்கு. அவை நீர், முளைக்கவைத்து உலர்த்திய வாற்கோதுமை, கசப்பும் மணமும் தரும் ஹொப்ஸ் கொடியின் பூ, புளிக்கச் செய்யும் ஈஸ்ட் என்பன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நுவரெலியாவில் பியர் ஆலை எழுந்தபோது, இந்நான்கனுள் மலை தன் கையால் வழங்கியது நீர் ஒன்றையே. ஏனையவை கப்பலேறி வந்தன.

குளிர் நிறைந்த இம்மலையில் வாற்கோதுமை விளையாதோ என்ற வினா எழுவது இயல்பே. இங்கிலாந்தின் குளிர் இங்கும் உண்டு. ஆதலால் அந்நாட்டு வேளாண்மையும் இங்கே செழிக்கும் என்று கருதியவர் சாமுவேல் பேக்கர். 1848இல் குடியேற்றக்காரரையும் கால்நடைகளையும் அவர் நுவரெலியாவுக்கு அழைத்து வந்தார். மண் எதிர்பார்த்த வளத்தைக் காட்டவில்லை. கால்நடைகள் பல நோயால் மாண்டன. 1855இல் அவர் இலங்கையை விட்டு நீங்கினார்.

குளிர் மட்டும் தட்பவெப்பம் ஆகாது. வாற்கோதுமைக் கதிர் முற்றும் காலத்தில் வறண்ட வானிலை வேண்டும். மழையில் நனைந்த மணி கதிரிலேயே முளைத்துக் கெடும். மழையும் மூடுபனியும் மாறி மாறிக் கவியும் டயகம போன்ற ஊர்களில் வாழ்வோருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஹொப்ஸ் கொடிக்கோ நீண்ட கோடைப்பகலும் குளிர்கால உறக்கமும் வேண்டும். ஏழாம் அகலக்கோட்டை ஒட்டிய நுவரெலியாவில் ஆண்டு முழுவதும் பகலின் நீளம் ஒரு மணி நேரம்கூட வேறுபடுவதில்லை.

ஆகவே மலைநீர் ஒன்றே ஆலையை மலையோடு பிணைத்தது. அந்த நீர் சுண்ணாம்பு குறைந்த மென்னீர். ஆனால், நீரைத் திருத்தும் முறைகள் வளர்ந்தபின் அந்தப் பிணைப்பும் தளர்ந்தது. பியரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரே. வெளிநாட்டுத் தானியத்தை மலைக்கு ஏற்றி, நீர் நிறைந்த போத்தல்களை மீண்டும் கொழும்புக்கு இறக்குவது இரட்டைச் செலவன்றோ? 1990களின் பிற்பகுதியில் உற்பத்தி, துறைமுகத்துக்கு அண்மையிலுள்ள பியகமவுக்கு மாறிற்று.

தேயிலையின் நிலை இதற்கு நேர்மாறானது. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். பறித்த கொழுந்தோ அன்றே தொழிற்சாலையை அடைய வேண்டும். எனவே தேயிலைத் தொழிற்சாலை மலையை விட்டு இறங்க இயலாது. அம்பேவெலப் பாலுக்கும் ஓரளவு இதே நியதி பொருந்தும்.

மலைநாட்டு இளைஞருக்குப் புதிய தொழில்கள் வேண்டும் என்ற குரல் அடிக்கடி எழுகிறது. எத்தொழில் வந்தாலும் முதலில் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு: அதன் மூலப்பொருள் இம்மண்ணில் விளைவதா, கப்பலில் வருவதா? வேர் இங்கே உள்ள தொழிலே இங்கே நிலைக்கும்.