அந்த ராஜினாமா தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

புதுச்சேரியின் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளில் ஐம்பதைத் தாண்டிய தொழிலாளியை ஒருநாள் ஆபீசுக்குக் கூப்பிடலாம். மேசையில் தட்டச்சு செய்த ஒரு தாள் இருக்கும்: ‘சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன்.’ கையெழுத்தும் தேதியும் மட்டுமே பாக்கி.

நிர்வாகமே ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும்; வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளத்தை இழப்பீடாகவும் தர வேண்டும். நீங்களாக விலகியதாக எழுதிக் கொடுத்தால் அந்த இழப்பீடு போய்விடும். பணிக்கொடை மட்டும் போகாது. ஐந்தாண்டு முடித்தவர் ராஜினாமா செய்தாலும் அது உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,600 ரூபாய் என்றால், 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்குங்கள்: ஆண்டுக்கு 9,000. இருபது ஆண்டுக்கு 1,80,000 ரூபாய். இதை 30 நாளுக்குள் தந்தாக வேண்டும்.

பென்ஷன் கணக்கையும் பாருங்கள். பத்தாண்டு சேவை உள்ளவருக்கு 58 வயதில் பி.எஃப். பென்ஷன் வெட்டில்லாமல் கிடைக்கும். ஐம்பதுக்கு மேல் முன்கூட்டியே வாங்கினால், 58-க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறைப்பார்கள். அந்தக் குறைவு ஆயுள் முழுக்க நீடிக்கும். 60 வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும். ‘58 ஆகிவிட்டது, இனி பி.எஃப். பிடிக்க மாட்டோம்’ என்று சொன்னால் நம்பாதீர்கள். வேலையில் இருக்கும்வரை அது தொடர வேண்டும். இ.எஸ்.ஐ.யில் ஐந்தாண்டாவது இருந்து ஓய்வு பெறுபவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் கணவன் மனைவி இருவருக்கும் சிகிச்சை உண்டு. பலர் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை.

முதலாளிகளே, சத்தத்தை வைத்தே மெஷினின் கோளாறைச் சொல்லும் ஃபிட்டரை அனுப்பிவிட்டு அந்தக் கைப்பழக்கத்தை எங்கே வாங்குவீர்கள்? 2020 ஏப்ரலில் ஏ.எஃப்.டி. ஆலை மூடப்பட்டபோது, தலைமுறைகளாகச் சேர்ந்த நெசவுத் திறனையும் இந்த ஊர் இழந்தது. மூத்தவர்களை இரவு ஷிப்டிலிருந்து விடுவியுங்கள். உட்கார்ந்து பார்க்கும் வேலையையும் புதியவர்களைப் பழக்கும் பொறுப்பையும் கொடுங்கள். அவர்கள் இருப்பார்கள்.

மிரட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டார்களா? அன்றைக்கே, ‘நிர்ப்பந்தத்தால் கையெழுத்திட்டேன், வேலையைத் தொடர விரும்புகிறேன்’ என்று நிர்வாகத்துக்கு ஸ்பீடு போஸ்டில் எழுதுங்கள். அதன் நகலுடன் காந்தி நகர், வழுதாவூர் சாலையிலுள்ள தொழிலாளர் துறையில் மனு கொடுங்கள். சமரசப் பேச்சு 45 நாளில் முடியாவிட்டால் நேரடியாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். ஆலைத் தொழிலாளிக்குச் சட்ட உதவி இலவசம். 15100 என்ற எண்ணை அழையுங்கள்.