பக்கத்துக் கல்லூரியில் எவ்வளவு தருகிறார்கள்?

கல்லூரி ஸ்டாஃப் ரூமில் டீ வரும் நேரத்துக்கு எப்படியும் ஒருவர் ஆரம்பித்துவிடுவார். “அங்கே நாற்பத்தஞ்சு தர்றாங்களாம் சார்.” அந்த ‘அங்கே’ எது, அந்த நாற்பத்தைந்து கிராஸா, பிடித்தம் போகக் கையில் வருவதா என்று யாரும் கேட்பதில்லை. டம்ளர் காலியாவதற்குள் நம் கல்லூரி மோசம் என்று தீர்ப்பாகிவிடும். நிர்வாகமும் சளைத்ததல்ல. “பக்கத்துக் கல்லூரியில் இதைவிடக் கம்மி, போய் விசாரித்துப் பாருங்கள்” என்பார்கள். இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கு வசதியான ஒரு கல்லூரியைப் பிடித்து வைத்துக்கொண்டு பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

உறுதியான எண்களிலிருந்து தொடங்குவோம். ஏழாவது ஊதியக் குழுவையொட்டிய யு.ஜி.சி. விகிதத்தில் உதவிப் பேராசிரியரின் தொடக்க பேசிக் 57,700 ரூபாய். இணைப் பேராசிரியருக்கு 1,31,400, பேராசிரியருக்கு 1,44,200. இதன்மேல் டி.ஏ. வரும். 2025 ஜூலைக் கணக்கான 58 சதவீதத்தில், புதிதாகச் சேர்ந்தவருக்கு அது மட்டும் 33,466 ரூபாய். வீட்டு வாடகைப்படியைச் சேர்க்காமலே 91,166 ஆகிறது. ‘யு.ஜி.சி. ஸ்கேல்’ என்று ஒருவர் சொன்னால் அதற்கு இதுதான் பொருள். பேசிக்கை மட்டும் கொடுத்துவிட்டு ஸ்கேல் தருகிறோம் என்று விளம்பரம் செய்கிற கல்லூரியிடம் டி.ஏ. எங்கே என்று தாராளமாகக் கேட்கலாம்.

சென்னை ஐ.ஐ.டி.யில் முதல் நிலை உதவிப் பேராசிரியரின் பேசிக் 1,01,500-இல் தொடங்குகிறது. வளாகத்தில் வீடு எடுக்காவிட்டால் மத்திய அரசு விதிப்படி அதில் 30 சதவீதம் வாடகைப்படியும் உண்டு. மாநில அரசுக் கல்லூரிக்காரருக்கு வாடகைப்படி என்பது அடுக்கு அடுக்காக நிர்ணயித்த ஒரு தொகை. இரண்டு பேருமே உதவிப் பேராசிரியர்கள், இரண்டு பேரும் சென்னைவாசிகள். ஒப்பிடலாமா? கூடாது என்பேன். அங்கே முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய அனுபவம் கேட்டு எடுக்கிறார்கள், ஆராய்ச்சி நிதி கொண்டுவர வேண்டும், ஆய்வு மாணவர்களைக் கரையேற்ற வேண்டும். இங்கே வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பு, அதன்மேல் விடைத்தாள், அட்மிஷன் வேலை. வேலையே வேறு.

அப்படியானால் சக கல்லூரி எது? பெரிய இலக்கணமெல்லாம் வேண்டாம். உங்கள் கல்லூரியை விட்டுப் போகிறவர்கள் எங்கே போய்ச் சேர்கிறார்கள், உங்களிடம் இன்டர்வியூவுக்கு வருகிறவர்கள் வேறு எங்கெல்லாம் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆசிரியர்களே காலால் நடந்து காட்டிய பட்டியல் அது. நிர்வாகம் தனியாக ஒரு பட்டியல் தயாரித்தால், அதில் இந்தப் பெயர்கள் இருக்கின்றனவா என்பதுதான் முதல் சோதனை.

பட்டியல் சரியாக இருந்தாலும் சராசரி ஏமாற்றும். ஒரு கற்பனைக் கணக்கு. முதல் கல்லூரியில் எட்டுப் பேராசிரியர்கள், ஆளுக்கு 2 லட்சம். இரண்டு உதவிப் பேராசிரியர்கள், ஆளுக்கு 1 லட்சம். சராசரி 1.80 லட்சம். இரண்டாவது கல்லூரியில் இரண்டே பேராசிரியர்கள், ஆளுக்கு 2.20 லட்சம், எட்டு உதவிப் பேராசிரியர்கள், ஆளுக்கு 1.10 லட்சம். சராசரி 1.32 லட்சம். எந்தப் பதவியை எடுத்தாலும் இரண்டாவது கல்லூரிதான் பத்து சதவீதம் அதிகம் கொடுக்கிறது. ஆனால் சராசரியில் அதுதான் கஞ்சக் கல்லூரி! ஆட்கள் இளையவர்கள் என்பதைத் தவிர அது செய்த குற்றம் ஒன்றுமில்லை. ஆகவே பதவிக்குப் பதவி, முடிந்தால் சர்வீஸ் வருடத்துக்கு வருடம் ஒப்பிட வேண்டும்.

பிறகு, எது சம்பளம் என்ற கேள்வி. தனியார் கல்லூரி ஒன்று 40,000 என்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிர்வாகம் கட்ட வேண்டிய பி.எஃப். பங்கும் அதற்குள் அடங்கியிருக்கலாம். அந்தப் பங்கையே முழுச் சம்பளத்துக்குக் கட்டாமல், சட்டத்தின் உச்சவரம்பான 15,000 ரூபாய்க்கு மட்டும் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் கட்டலாம். கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா? வருடா வருடம் இன்கிரிமென்ட் தானாக ஏறுமா, கேட்டால்தானா? (வங்கியில் முழுதாகப் போட்டுவிட்டு ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கிற இடங்கள் உண்டு என்பதும் ஸ்டாஃப் ரூம் அறிந்த சங்கதி.)

ஆனால் கல்லூரிக்கும் கல்லூரிக்கும் உள்ள இடைவெளியைவிட, ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கும் இடைவெளிதான் தமிழ்நாட்டில் பெரிய விஷயம். காலையில் எய்டட், மதியம் செல்ஃப் ஃபைனான்ஸ் ஷிஃப்ட். ஒரே பாடத்திட்டம், ஒரே பல்கலைக்கழகத் தேர்வு, சில சமயம் ஒரே கரும்பலகை. காலையில் நிற்பவருக்கு அரசு நிதியில் ஸ்கேல். மதியம் நிற்பவருக்கு ஃபீஸ் வசூலிலிருந்து நிர்வாகம் நிர்ணயித்த தொகுப்பூதியம். அரசுக் கல்லூரியிலும் இதே கதைதான். கௌரவ விரிவுரையாளர்களுக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று யு.ஜி.சி. 2019-இல் சொன்னது. தமிழ்நாட்டில் 20,000-ஆக இருந்தது 25,000 ஆனது. அதுவும் மே மாதம் நீங்கலாகப் பதினொரு மாதத்துக்கு. மேலே போட்ட 91,166 கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

குஜராத் அரசு பொறியியல் கல்லூரிகளில் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் மாதம் 30,000 ரூபாயில் வேலை பார்த்த வழக்கு 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அதே வேலை பார்த்த நிரந்தர ஆசிரியருக்கு 1.36 லட்சத்துக்கும் மேல். சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கொள்கையை வைத்து, குறைந்தபட்சம் உதவிப் பேராசிரியர் விகிதத்தின் தொடக்க ஊதியத்தையாவது கொடுங்கள் என்றது நீதிமன்றம். குருவைத் தெய்வம் என்று மேடையில் சொன்னால் போதாது என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில் உண்டு. என் பார்வையில் ஒப்பீடு இப்படி அடுத்த மேசையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அடுத்த ஊர்க் கல்லூரி அப்புறம்.

இத்தனையும் ஆசிரியர் தனியாகச் செய்ய வேண்டியிருப்பதற்குக் காரணம், தரவு இல்லை. அமெரிக்காவில் மத்திய அரசின் மாணவர் நிதியுதவித் திட்டங்களில் பங்கேற்கும் கல்லூரிகள் பதவி வாரியான சம்பளக் கணக்கை அரசுக்குக் கொடுத்தாக வேண்டும். அதை யாரும் எடுத்துப் பார்க்கலாம். பலருக்கு ஒன்பது மாத ஒப்பந்தம் என்பதால் எல்லாவற்றையும் ஒரே கால அளவுக்குக் கொண்டுவந்து ஒப்பிடுகிறார்கள். பேராசிரியர் சங்கமும் ஆண்டுதோறும் சர்வே வெளியிடுகிறது. அங்கும் தகராறு இருக்கிறது, ஆனால் எண்ணை வைத்துக்கொண்டு தகராறு.

நம்மிடம் இருப்பது என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குக் கல்லூரிகள் கொடுக்கும் தாள். கல்லூரியின் இணையதளத்திலேயே கிடைக்கும். செலவுப் பகுதியில் சம்பளம் என்று ஒரு வரி இருக்கும். மூன்று வருடத் தொகை, எண்ணிலும் எழுத்திலும். கடைசியில் ஆசிரியர் எண்ணிக்கை. வகுத்துப் பார்க்கலாம் என்று கை துடிக்கும். வகுக்காதீர்கள். அந்த ஒரு வரிக்குள் அலுவலக ஊழியர்களின் சம்பளமும் சேர்ந்திருக்கிறது. வகுத்து வருகிற தொகை சராசரி ஆசிரியர் சம்பளத்தின் உச்ச எல்லையாக மட்டுமே இருக்க முடியும். அதுவே சிறியதாக இருந்தால், அங்கே நிலைமை எப்படி என்று ஊகித்துக்கொள்ளலாம்.

தரவரிசை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்த ஒற்றை வரியைப் பதவி வாரியாக, நிரந்தரம், தொகுப்பூதியம் என்று பிரித்துக் கேளுங்கள். சம்பளப் பட்டியல் எல்லாக் கல்லூரிகளின் கணினியிலும் ஏற்கெனவே இருக்கிறது.