ஜிப்சியின் சைலன்சர் தொங்கத்தான் வேண்டும்

மாருதி ஜிப்சி 1985-இல் வந்த வண்டி. உற்பத்தி நின்றுபோன பிறகும் மலைப்பாதைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் சைலன்சர் மக்கி ஓட்டை விழுந்தால், பல பட்டறைகளில் புதுக் குழாயை மாட்டி, பழைய ரப்பர் இருந்த இடத்தில் இரும்புப் பட்டை வைத்துச் சேஸோடு வெல்டிங் அடித்துவிடுகிறார்கள். ஆட்டம் நிற்கிறது, செலவும் குறைவு. ஆனால் கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டிக்கு இதைவிடக் கெடுதலான வேலை வேறில்லை.

குழாயின் ஒரு முனை இன்ஜினோடு முடுக்கப்பட்டிருக்கிறது; மீதி முழுவதும் சேஸில் தொங்குகிறது. இன்ஜினோ ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருப்பதால், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் ஒருபக்கம் சாய்கிறது. ஒரு சக்கரம் பாறைமேல் ஏறினால் சேஸ் முறுக்கிக்கொள்கிறது. போதாததற்குச் சூடு: ஒரு மீட்டர் இரும்புக் குழாயின் வெப்பம் 300 டிகிரி கூடினால் அது சுமார் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். இந்த அசைவை எல்லாம் ரப்பர் ஹேங்கர்கள்தாம் வாங்கிக்கொள்கின்றன. அவற்றை எடுத்துவிட்டு வெல்டிங் அடித்தால் அசைவு நின்றுவிடாது. முன்பக்க பிளாஞ்சின் ஸ்டட்டையோ, வளையத் தெரியாத வார்ப்பிரும்பு மேனிபோல்டையோ போய்த் தாக்கும்.

ரப்பர் அடிக்கடி அறுந்துபோவதால்தானே வெல்டிங் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் புது ரப்பர் சீக்கிரமே அறுகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இன்ஜின் மவுண்டிங்கை. அது தளர்ந்து இறங்கியிருந்தால் இன்ஜின் அளவுக்கு மீறி ஆடும். குழாயையும் இழுத்து ஆட்டும். அதை மாற்றாமல் சைலன்சரை மட்டும் மாற்றுவது பாதி வேலை. இன்னொன்று, அறுந்தால் எளிதில் மாற்றக்கூடிய பாகம் ரப்பர். மேனிபோல்ட் அப்படியல்ல.

மாட்டும் முறையிலும் இதே கணக்குத்தான். துருவேறிய நட்டுகளை எண்ணெய் விட்டு ஊறவைத்து, பொறுமையாக முன்னும் பின்னும் திருப்பிக் கழற்ற வேண்டும். வேகம் காட்டினால் ஸ்டட் முறியும். கேஸ்கெட் புதிதாகவே இருக்கட்டும். எல்லாக் குழாய்களையும் முதலில் தளர்வாகக் கோத்து, ரப்பர்களில் தொங்கவிட்டு, அவை தாமாக ஓர் இடத்தில் நின்ற பிறகு இன்ஜின் பக்கத்திலிருந்து பின்னோக்கி முடுக்க வேண்டும். வண்டி சேஸில் ஜாக்கி வைத்துத் தூக்கி நிற்கும்போது பின் ஆக்சில் கீழே தொங்கும். குழாய்க்கும் அதற்கும் நிறைய இடைவெளி இருப்பதுபோலத் தோன்றும். சக்கரங்களைத் தரையில் இறக்கிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பள்ளத்தில் விழும்போது ஆக்சில் இன்னும் மேலே ஏறும் என்பதையும் சேர்த்தே இடம் விட வேண்டும். பிரேக் குழாய், பெட்ரோல் டேங்க் பக்கமும் ஒரு கண் இருக்கட்டும்.

சத்தம் கொஞ்சம் வந்தால் என்ன, வண்டி ஓடுகிறதே என்பது அடுத்த வாதம். ஜிப்சி பெட்ரோல் வண்டி. அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறமும் மணமும் இல்லாத அது, ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். வெல்டிங் அடித்த குழாயில் விரிசல் முன்பக்கம் விழுவதால், புகை வெளியேறுவது உட்கார்ந்திருப்பவர்களின் காலடியில். வால்குழாயும் பாடியைத் தாண்டி வெளியே நீட்டியிருக்க வேண்டும். இல்லையேல் ஓட்டத்தில் பின்னால் சுழலும் காற்று புகையைக் கேன்வாஸ் கூரைக்குள் இழுத்துவரும். சைலன்சரையே எடுத்துவிட்டால் பவர் கூடும் என்பவர்களுக்கு, மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 120-ஆம் விதி சைலன்சரைக் கட்டாயமாக்குகிறது என்பதே போதும்.

வேலை முடிந்ததும், இன்ஜின் ஐடிலில் ஓடும்போது தடித்த துணியால் வால்குழாயை ஒரு நொடி அடைத்துப் பாருங்கள். கசிவு இருந்தால் இணைப்பில் ‘டிக் டிக்’ அல்லது ‘உஸ்’ என்று கேட்கும். சில நாள் ஓடி, சூடேறி ஆறிய பிறகு நட்டுகளை மறுபடி ஒருமுறை முடுக்க வேண்டும்.